கறந்த பாலுக்குள் இருக்கும் காவல் யாருக்காக?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். வீட்டில் ஒரு கலப்பினப் பசு வாங்கியிருக்கிறீர்கள். ஐந்து வயது மகனுக்கு அதன் பாலைக் கறந்த சூட்டோடு, நுரையோடு கொடுக்க வேண்டும் என்கிறார் உங்கள் மாமனார். பாலிலேயே கிருமிகளை அழிக்கும் பொருட்கள் இருக்கின்றன, காய்ச்சினால் அவை வீணாகிவிடும் என்பது அவர் வாதம். இதில் உண்மை உண்டா என்று கேட்கிறீர்கள். கடைசி வரியில், ஒரு காம்பில் மட்டும் நான்கு நாட்களாகப் பால் திரிதிரியாக வருகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கவலை தந்தது அந்தக் கடைசி வரிதான். அதைப் பற்றி முடிவில் சொல்கிறேன்.

உங்கள் மாமனார் சொல்வதைக் கட்டுக்கதை என்று தள்ளிவிட முடியாது. பச்சைப் பாலில் பாக்டீரியாக்களை எதிர்க்கும் பொருட்கள் இருப்பது நூறு ஆண்டுகளுக்கு மேலாக அறிவியலுக்குத் தெரிந்த செய்தி. கறந்த பால் வெயில் காலத்தில்கூட உடனே கெடுவதில்லை அல்லவா? முதல் இரண்டு மூன்று மணி நேரம் அதிலுள்ள பாக்டீரியாக்கள் அவ்வளவாகப் பெருகுவதில்லை. அதன் பிறகுதான் வேகம் பிடிக்கின்றன. அந்த அமைதியான நேரம் பாலுக்குள்ளிருக்கும் காவலால் கிடைப்பது. ஆனால் அந்தக் காவல் யாருக்காக ஏற்பட்டது, எவ்வளவு நேரம் நிற்கும், எந்தக் கிருமியிடம் செல்லும், எதனிடம் செல்லாது என்று கேட்கத் தொடங்கினால், அவர் வந்து சேர்ந்த முடிவு நிற்காது.

முதலில் சீம்பாலைப் பார்ப்போம். இந்தக் காவல் முழு பலத்தோடு இருப்பது அதில்தான். மனிதக் குழந்தை தாயின் நோய் எதிர்ப்புப் புரதங்களைக் கருப்பையிலேயே ஓரளவு பெற்றுக்கொண்டு பிறக்கிறது. பசுவின் நஞ்சுக்கொடி அமைப்பு அப்படிப்பட்டதல்ல. அந்தப் புரதங்களை அது கன்றுக்குக் கடத்துவதில்லை. ஆகவே கன்று ஏறக்குறைய வெறுங்கையோடு பிறக்கிறது. தாய் கொடுக்கும் சொத்து முழுவதும் சீம்பாலில் இருக்கிறது. நல்ல சீம்பாலில் லிட்டருக்கு 50 கிராமுக்கும் மேலாக இம்யூனோகுளோபுலின் என்ற அந்த நோய் எதிர்ப்புப் புரதம் இருக்கும். சில நாட்கள் கழித்துக் கறக்கும் சாதாரணப் பாலில் அது ஒரு கிராம் அளவுக்கு இறங்கிவிடுகிறது. சீம்பாலை அடுப்பில் வைத்தால் முட்டையைப் போல இறுகிக் கட்டியாவதைப் பார்த்திருப்பீர்கள். சூட்டில் இறுகும் இத்தகைய புரதங்கள் அதில் மிகுதியாக இருப்பதுதான் காரணம்.

கன்றின் குடல் இந்தப் புரதத்தை முழுதாக இரத்தத்துக்குள் விடுவது பிறந்து சுமார் 24 மணி நேரம் வரைதான். அதிலும் முதல் சில மணி நேரமே சிறந்தது. அதன் பிறகு கதவு மூடிவிடும். இங்கே ஒன்றை மனம் நொந்து சொல்கிறேன். நஞ்சுக்கொடி விழுந்த பிறகுதான் கன்றைப் பால் குடிக்க விட வேண்டும் என்ற வழக்கம் நம் கிராமங்களில் இன்னும் இருக்கிறது. நஞ்சுக்கொடி விழப் பல மணி நேரம் ஆகலாம். கதவு மூடிக்கொண்டிருக்கும்போது கன்றைக் கட்டிப்போட்டுக் காத்திருக்கிறோம். பிறகு கழிச்சலில் கன்று போய்விட்டால் கண் பட்டுவிட்டது என்கிறோம். முப்பது கிலோ கன்றுக்கு முதல் நாளில் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது மூன்று லிட்டர் சீம்பாலாவது வேண்டும். அதில் பாதி முதல் இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே போக வேண்டும். பக்கத்து வீட்டாருக்குச் சீம்பால் கொடுப்பது நல்ல பண்புதான், கன்று வயிறாரக் குடித்த பிறகு. உங்கள் பசு அடுத்த முறை ஈனும்போது இதை மறந்துவிடாதீர்கள். பாலின் இயற்கைக் காவலை முழுமையாகப் பயன்படுத்திக்கொள்ளத் தக்க உயிர் கன்று ஒன்றுதான்.

அடுத்தது லாக்டோஃபெரின். 1939-இல் பசும்பாலிலிருந்து முதன்முதலாகப் பிரித்தெடுத்தபோது சிவந்த நிறத்தில் இருந்ததால் அதைச் சிவப்புப் புரதம் என்றார்கள். அந்தச் சிவப்பு இரும்பினால் வருவது. எந்த இரும்பு அணு அகப்பட்டாலும் இறுகப் பற்றிக்கொள்வதுதான் இதன் வேலை. பெரும்பாலான நோய்க் கிருமிகள் இரும்பு இல்லாமல் பெருக முடியாது. கிருமியைத் தாக்காமல், அதன் இலையில் சோறு விழாமல் பார்த்துக்கொள்ளும் உத்தி இது. வயிற்றில் பெப்சின் என்ற நொதி இந்தப் புரதத்தை வெட்டும்போது லாக்டோஃபெரிசின் என்ற சிறு துண்டு வெளிப்படுகிறது. அது பாக்டீரியாவின் சவ்வை நேரடியாகவே சிதைக்கும். 1990-களின் தொடக்கத்தில் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதைக் கண்டறிந்தார்கள்.

கேட்கப் பெரிதாக இருக்கிறது, ஆனால் அளவைப் பாருங்கள். சாதாரணப் பசும்பாலில் லாக்டோஃபெரின் லிட்டருக்குச் சுமார் 0.1 கிராம். தாய்ப்பாலில் இதைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். பசுவிலும் இது ஏறும் காலம் ஒன்று உண்டு. பால் வற்றி மடி ஓய்வெடுக்கும் காலத்தில், மடிக்குள் தேங்கும் நீரில் லாக்டோஃபெரின் நூறு மடங்கு வரை கூடுகிறது. அதே சமயம் சிட்ரேட் என்ற உப்பு குறைகிறது. சிட்ரேட் இரும்பைத் தளர்வாகப் பிடித்துக் கிருமிக்கு எட்டும்படி வைப்பது. ஆக, வற்றிய மடியில் ஈ.கோலை என்ற சாணத்துப் பாக்டீரியா பெருகுவது கடினம். கன்று ஈனும் நாள் நெருங்கும்போது இது தலைகீழாகிறது. பால் சுரக்கத் தொடங்குகிறது, சிட்ரேட் ஏறுகிறது, லாக்டோஃபெரின் நீர்த்துப்போகிறது. ஈன்ற முதல் சில வாரங்களில் ஈ.கோலை மடிநோய் கடுமையாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம். பசு தன் மடியைக் காக்க வைத்திருக்கும் ஆயுதம் அது. பால் நிறைய வேண்டும் என்று நாம் கேட்கும் காலத்தில்தான் அது மிகவும் மெலிந்திருக்கிறது.

லாக்டோபேசில்லஸ் போன்ற புளிப்பு பாக்டீரியாக்களுக்கு இரும்பு ஏறக்குறையத் தேவையே இல்லை. அவை மாங்கனீசை வைத்துக் காலம் தள்ளுகின்றன. இரும்பைப் பூட்டிவைக்கும் பாலில் அவை தாராளமாக வளர்வதில் அதற்கும் பங்கு உண்டு. இவ்வளவு காவல் உள்ள பால் தயிராகிவிடுகிறதே என்று யாராவது கேட்டால் இதையும் சொல்லலாம்.

மூன்றாவது, லாக்டோபெராக்சிடேஸ். என் பார்வையில் பசும்பாலின் காவலர்களில் மிகவும் சுவையானது இதுதான். லிட்டருக்குச் சுமார் 30 மில்லிகிராம் இருக்கும் இந்த நொதிக்குத் தனியாக வேலை செய்யத் தெரியாது. தயோசயனேட் என்ற உப்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கூட வேண்டும். மூன்றும் சேர்ந்தால் ஹைப்போதயோசயனைட் என்ற பொருள் உருவாகி, பாக்டீரியாவின் நொதிகளில் உள்ள கந்தகப் பிடிகளைச் செயலிழக்கச் செய்யும். ஈ.கோலை, சூடோமோனாஸ் போன்றவை சாகக்கூடும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்றவை சாவதில்லை, சற்று நேரம் மயங்கிக் கிடந்து பிறகு எழுந்துவிடும்.

தயோசயனேட் எங்கிருந்து வருகிறது? மாடு மேயும் மேய்ச்சலிலிருந்து. சோளப்பயிரிலும் மரவள்ளி இலையிலும் சயனைடு விடும் பொருட்கள் இருக்கின்றன. இளம் சோளப்பயிரை மேய்ந்து மாடு செத்துப்போன கதை எல்லா ஊரிலும் உண்டு. சிறு அளவில் வரும் சயனைடை மாட்டின் கல்லீரல் தயோசயனேட்டாக மாற்றி நஞ்சை முறிக்கிறது. அதில் ஒரு பகுதி பாலில் இறங்குகிறது. தீவனத்தைப் பொறுத்து அது கூடும், குறையும். ஹைட்ரஜன் பெராக்சைடோ புதிதாகக் கறந்த பாலில் இல்லை என்றே சொல்லலாம். வெள்ளையணுக்களும் சில புளிப்பு பாக்டீரியாக்களும் கொஞ்சம் உண்டாக்குகின்றன. அதனால்தான் இந்த அமைப்பு தானாகச் சில மணி நேரத்துக்கு மேல் ஓடுவதில்லை. நொதி ஏராளமாக இருக்கிறது, எரிபொருள் தீர்ந்துவிடுகிறது.

குளிர்விக்கும் வசதியில்லாத இடங்களில் இந்த எரிபொருளை வெளியிலிருந்து கொடுத்தால் என்ன என்று ஸ்வீடனிலும் இங்கிலாந்திலும் 1970-களில் யோசித்தார்கள். இலங்கையில் களத்தில் செய்து பார்த்த சோதனை முடிவுகள் 1982-இல் வெளிவந்தன. உலக உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் 1991-இல் வழிகாட்டி வெளியிட்டது. லிட்டருக்கு 14 மில்லிகிராம் சோடியம் தயோசயனேட், 30 மில்லிகிராம் சோடியம் பெர்கார்பனேட். கறந்து இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் சேர்த்தால் 30 டிகிரி வெப்பத்தில் பால் ஏழெட்டு மணி நேரம் தாங்கும். 15 டிகிரியில் ஒரு நாள் தாங்கும். அந்த வழிகாட்டியில் நான் மிகவும் மதிக்கும் பகுதி ஒன்று உண்டு. இது பாலைப் பாதுகாப்பானதாக ஆக்காது, பிறகு பாஸ்டரைஸ் செய்தே, அதாவது அளவான சூட்டில் நோய்க் கிருமிகளைக் கொன்றே தீர வேண்டும் என்று அதிலேயே சொல்லியிருக்கிறார்கள். பாலின் இயற்கைக் காவலை நன்றாக அறிந்து, அதைத் தூண்டிவிட்டு, அதன் பலனை அளந்து பார்த்தவர்கள் சொன்னது இது. (இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் எதையும் கலக்க வேண்டாம். கேனில் ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றுவது நம் நாட்டில் கலப்படம், அது வேறு கதை.)

லைசோசைம் பற்றி ஓரிரு வரி போதும். பாக்டீரியாவின் சுவரை அறுக்கும் நொதி இது. தாய்ப்பாலில் லிட்டருக்கு 400 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. பசும்பாலில் ஒரு மில்லிகிராமில் கால் பங்குகூட இல்லை. பாலில் லைசோசைம் இருக்கிறது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் தாய்ப்பாலின் எண்ணிக்கையைப் பசுவின் தலையில் ஏற்றிவிடுகிறார்கள். கழுதைப்பாலில் லிட்டருக்கு ஒரு கிராம் அளவுக்கு இருப்பது உண்மை. தெருவில் கழுதையோடு வருபவரிடம் பச்சைக் குழந்தைக்குப் பாலாடையில் வாங்கிப் புகட்டும் வழக்கத்துக்கு அதைச் சான்றாக யாராவது காட்டினால் ஏற்காதீர்கள். கழுவாத கையும் தெருப்புழுதியும் அந்தப் பாலோடு சேர்ந்தே உள்ளே போகின்றன.

வெள்ளையணுக்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நலமான மடியின் பாலில் மில்லிலிட்டருக்கு 1 லட்சத்துக்கும் குறைவான உயிரணுக்கள் இருக்கும். 2 லட்சத்தைத் தாண்டினால் மடிக்குள் தொற்று இருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். இரத்தத்தில் கிருமிகளை விழுங்கும் இந்த அணுக்கள் பாலுக்குள் வந்ததும் கொழுப்புத் துளிகளையும் கேசின் என்ற பால் புரதத்தையும் விழுங்கி வயிற்றை நிரப்பிக்கொள்கின்றன. கிருமி வரும்போது அவற்றின் பசி அடங்கிப்போயிருக்கிறது.

இனிக் கிருமிகளின் பக்கம் போகலாம். சுத்தமாகக் கறந்த பாலில்கூட மில்லிலிட்டருக்குச் சில ஆயிரம் பாக்டீரியா இருப்பது இயல்பு. காம்பின் தோல், கறப்பவர் கை, பாத்திரம், சாணம் என எல்லாவற்றிலிருந்தும் வரும். 5,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். காவல் ஓய்ந்த பிறகு, நம் ஊர்ச் சூட்டில் அரை மணிக்கு ஒரு முறை இரட்டித்தால் ஆறு மணி நேரத்தில் அது 2 கோடியைத் தாண்டும். இவற்றில் பெரும்பாலானவை பாலைப் புளிக்கவைப்பவை, கெடுப்பவை. ஆளைக் கெடுப்பவை அல்ல. எனக்கு அச்சம் தருவது எண்ணிக்கையில் குறைந்த வேறு சில.

புருசெல்லா அவற்றில் ஒன்று. கன்று வீச்சு நோய் என்று நம் பக்கம் சொல்வது இதனால் வருவதுதான். மனிதருக்கு வந்தால் ஏறி இறங்கும் காய்ச்சல், மூட்டு வலி, மாதக்கணக்கில் படுக்கை. மால்டா தீவில் பிரிட்டிஷ் படையினரை வாட்டிய காய்ச்சலுக்குக் காரணமான கிருமியை டேவிட் புரூஸ் 1887-இல் கண்டுபிடித்தார். அது எங்கிருந்து வருகிறது என்று தெரியப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. 1905-இல் தெமிஸ்டோக்லிஸ் சாமிட் என்ற மால்டா மருத்துவர் ஆடுகளின் இரத்தத்தைச் சோதித்தபோதுதான் விடை கிடைத்தது. அவ்வளவு காலம் யாருக்கும் சந்தேகம் வராததற்குக் காரணம், அந்த ஆடுகள் கொழுகொழுவென்று நலமாகவே இருந்தன. அடுத்த ஆண்டு படையினருக்கு ஆட்டுப்பாலை நிறுத்தினார்கள், காய்ச்சல் வெகுவாகக் குறைந்தது. நம் மாடு நன்றாகத்தானே இருக்கிறது என்று சொல்வதற்கு முன் இதை நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்று மாட்டுக் காசநோய். 1930-களில் பிரிட்டனில் மட்டும் ஆண்டுதோறும் 2,000-க்கும் மேற்பட்டோர் மாட்டிலிருந்து வந்த காசநோயால் இறந்தார்கள். பச்சைப்பால் குடித்த பிள்ளைகளுக்குக் கழுத்தில் கட்டி கட்டியாக வீங்கும். நம் மருத்துவர்கள் கண்டமாலை என்று அழைத்தது அதுபோன்ற நோயைத்தான். காசநோய்க் கிருமியின் உடலைச் சுற்றி மெழுகு போன்ற கவசம் இருக்கிறது. லாக்டோபெராக்சிடேஸோ லாக்டோஃபெரினோ பாலில் இருக்கும் அளவில் அதை நமக்காக அழித்துத் தரும் என்று நம்பி இருக்க முடியாது. லிஸ்டீரியா என்ற நோய்க் கிருமி குளிர்சாதனப் பெட்டியின் 4 டிகிரியிலும் வளரும். வயிற்றுப்போக்கு தரும் கேம்பிலோபாக்டர், ஆளைப் படுக்கவைக்கப் பாலில் வளரவே வேண்டியதில்லை. 1981-இல் பிரிட்டனில் ஓர் ஆய்வாளர் சுமார் 500 கேம்பிலோபாக்டர் கிருமிகளைப் பாலில் கலந்து தாமே குடித்துப் பார்த்தார், படுத்துவிட்டார். ஒரு குவளைப் பாலில் 500 என்பது ஒன்றுமில்லாத எண்ணிக்கை. சாணத்தின் ஒரு சிறு துணுக்கு போதும். பாலின் காவல் பெருக்கத்தைத் தாமதப்படுத்துவது. பெருகத் தேவையே இல்லாத கிருமியிடம் தாமதம் எதற்கு உதவும்?

ஐரோப்பிய ஆய்வுகளைச் சுட்டி யாராவது உங்களிடம் வாதாடலாம், அதையும் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து நாடுகளின் கிராமப்புறப் பள்ளிப் பிள்ளைகளிடம் செய்து 2011-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பண்ணைப் பச்சைப்பால் குடித்த பிள்ளைகளுக்கு ஆஸ்துமாவும் ஒவ்வாமையும் குறைவாக இருந்தன. பால் திரியும்போது பிரியும் தெளிநீரில் உள்ள புரதங்களோடு அதற்குத் தொடர்பு இருப்பது போலவும் தெரிந்தது. இது பொய்யல்ல, பொருட்படுத்த வேண்டிய செய்தி. ஆனால் அதைச் செய்தவர்களே பச்சைப்பாலைப் பரிந்துரைக்க முடியாது, நோய்க் கிருமி ஆபத்து இருக்கிறது என்றுதான் எழுதினார்கள். ஒரு வேளை ஆஸ்துமா குறையலாம் என்பதற்காக ஐந்து வயதுப் பிள்ளையை புருசெல்லாவின் முன் நிறுத்த நான் உடன்பட மாட்டேன்.

காய்ச்சினால் எதை இழக்கிறோம்? 72 டிகிரியில் 15 நொடி பாஸ்டரைஸ் செய்த பாலில் இம்யூனோகுளோபுலினில் பெரும்பகுதி அப்படியே இருக்கும். லாக்டோபெராக்சிடேஸும் அந்தச் சூட்டைத் தாங்கும், 80 டிகிரிக்கு மேலே போனால்தான் செயலிழக்கும். வீட்டில் பொங்கக் காய்ச்சும்போது இவை எல்லாம் குலைந்துவிடும், அதை மறுக்கவில்லை. ஆனால் சாதாரணப் பாலில் இவை இருந்த அளவு கன்றுக்கே போதாதது. உங்கள் மகனின் எலும்புக்கு வேண்டிய கால்சியம் எங்கும் போவதில்லை. புரதம் உருக்குலைந்தாலும் உணவாகவே இருக்கிறது. சில வைட்டமின்கள் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். காய்ச்சிய பாலைச் சீக்கிரம் ஆறவைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். காய்ச்சினாலும் பேசில்லஸ் என்ற பாக்டீரியாவின் விதை போன்ற வித்துகள் சில சாகாமல் இருக்கும். வெளியிலேயே விட்டால் அவை முளைத்துப் பாலைக் கசக்கவைக்கும்.

உங்கள் மாமனாரின் அனுபவத்தையும் நான் தள்ளிவிடவில்லை. அவர் காலத்தில் பாலைப் பெரும்பாலும் தயிராகவும் மோராகவும் மாற்றியே உண்டார்கள். காய்ச்சி ஆறிய பாலில் உறை ஊற்றுவது, முதலில் இருந்ததை எல்லாம் அழித்துவிட்டு, நமக்கு வேண்டிய பாக்டீரியாவைக் குடியேற்றுவது. அவை உண்டாக்கும் அமிலம் மற்றவற்றை வளரவிடுவதில்லை. லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் என்ற பால் பாக்டீரியாவின் சில வகைகள் நைசின் என்ற கிருமிக்கொல்லியையும் சுரக்கின்றன. 1928-இல் அதன் விளைவு முதலில் கண்ணில் பட்டது. இன்று பாலாடைக்கட்டியில் சேர்க்கப் பல நாடுகளில் அனுமதித்திருக்கிறார்கள். இயற்கையான கிருமி எதிர்ப்பு வேண்டுமென்றால் உங்கள் மகனுக்கு ஒரு கிண்ணம் வீட்டுத் தயிர் கொடுக்கச் சொல்லுங்கள், மாமனாருக்கும் மனம் குளிரும்.

இப்போது அந்தக் காம்பு. பால் திரிதிரியாக வருவது மடிநோய். ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகள், ஈ.கோலை எதுவாகவும் இருக்கலாம். பாலைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. நான்கு நாட்கள் தாமதித்துவிட்டீர்கள், நாளை காலையே கால்நடை மருத்துவரை வரவழையுங்கள். மருந்து ஏற்றுவதற்கு முன்பே சுத்தமான குப்பியில் பால் மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். அதுவரை அந்தக் காம்பைக் கடைசியாகக் கறந்து, தனிப் பாத்திரத்தில் பிடித்து, தொழுவத்துக்கு வெளியே குழியில் ஊற்றுங்கள். தரையில் பீய்ச்சாதீர்கள், கன்றுக்கும் கொடுக்காதீர்கள். கறந்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் மற்றக் காம்பைத் தொடாதீர்கள்.

காம்பின் நுனியில் ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு குழாய் இருக்கிறது, அதன் உட்புறத்தில் கெரட்டின் என்ற, நகத்தில் இருப்பது போன்ற புரதத்தால் ஆன படலம் இருக்கிறது. மடியின் முதல் காவல் அதுதான். கறந்து முடித்தபின் அந்தத் துவாரம் இறுக மூட ஒரு மணி நேரம் வரை ஆகலாம். அதற்குள் பசு சாணத்தில் படுத்தால் கிருமிக்கு வாசல் திறந்தே இருக்கிறது. ஆகவே கறந்த கையோடு நல்ல தீவனத்தைப் போடுங்கள், தின்றுகொண்டே நிற்கும். காம்புகளை அயோடின் கரைசலில் முக்குங்கள்.

மருத்துவர் மடிக்குள் மருந்து ஏற்றினால், எத்தனை நாள் பாலை ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் நான்கு காம்பின் பாலையும் ஒதுக்க வேண்டும், ஒன்றை மட்டும் அல்ல. ஒதுக்காமல் விட்ட பாலில் உறை ஊற்றினால் பெரும்பாலும் தயிர் தோயாது. பால் கெடாமல் இருக்கிறதே என்று அப்போது மகிழ வேண்டாம், அது மருந்தின் வேலை.